சிறைக்குக் கடிதம் போடும் விதிகளை வாசலிலேயே எழுதி வையுங்கள்

சிறையில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து கடிதம் போய்ச் சேருவது அதிகாரிகள் பார்த்துச் செய்கிற தயவு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உள்ளே வேலை பார்ப்பவர்களிலும் சிலருக்கு அந்த நினைப்பு இருக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு, அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பி ஒரு மத்தியச் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தான். அம்மாவுக்கு முட்டிவலி. பஸ் மாறி மாறிப் போய், மனு எழுதிக் கொடுத்து, வரிசையில் காத்திருந்து, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசும் சத்தத்தில் மகனிடம் நாலு வார்த்தை பேச அவரால் முடியாது. அதனால் இன்லேண்ட் லெட்டர் வாங்கி எழுதுவார். ஒட்டுகிற மடிப்பைக்கூட விடாமல், பக்கவாட்டில் திருப்பி வைத்து எழுதுவார். போர்வெல்லில் தண்ணீர் வந்தது, அக்கா மகள் வயசுக்கு வந்தது, எல்லாம் அதில் இருக்கும். சில கடிதங்கள் அவன் கைக்குக் கிடைத்தன, சில கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு வந்த பதில், "வந்திருந்தா குடுத்திருப்போம்மா." அதற்கு மேல் யாரிடம் கேட்பது?

கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில் எனக்குச் சண்டை இல்லை. சிறை என்றால் தணிக்கை இருக்கும். குடும்ப விஷயம் எழுதலாம், சங்கேத மொழியில் எழுதக் கூடாது, சரி. ஒன்றிய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு, உள்ளே வரும் கடிதங்களுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை என்கிறது. கைதி வெளியே எழுதுவதற்குத்தான் அளவு. இது எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? "மாசம் ஒண்ணுதான் போடணும்" என்று யாரோ சொன்னதை நம்பி நிறுத்திக்கொண்டவர்களை மனு வரிசையில் பார்த்திருக்கிறேன்.

விதி தெரியாததால் வரும் சேதம் இப்படித்தான். கோயில் விபூதியைப் பொட்டலமாக மடித்துக் கவருக்குள் வைப்பார்கள். பிரிக்கிற காவலருக்கு அது வெறும் வெள்ளைப் பொடி, சந்தேகப்படத்தான் செய்வார். ரூபாய் நோட்டை மடித்து வைப்பார்கள். பணம் கட்ட பி.பி.சி. (சிறையில் கைதியின் பெயரில் இருக்கும் சொந்தப் பணக் கணக்கு) என்று தனி வழி இருப்பது அவர்களுக்குத் தெரியாது. இதில் விளையாட்டும் இல்லை. 1894ஆம் ஆண்டு சிறைகள் சட்டத்தின் 42ஆவது பிரிவுப்படி, தடை செய்த பொருளை உள்ளே அனுப்பினாலும், விதிக்கு மாறாகக் கைதியோடு தொடர்பு கொண்டாலும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் தண்டனையை இவ்வளவு தெளிவாகச் சொல்கிறது. எதை அனுப்பலாம் என்று சொல்ல வாசலில் ஒரு பலகை இல்லை.

கைதியின் எழுத்துக்கு நீதிமன்றம் மதிப்புக் கொடுக்காமல் இல்லை. மும்பைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த பிரபாகர் பாண்டுரங் சன்ஸ்கிரி அணுவைப் பற்றி மராத்தியில் ஒரு அறிவியல் நூல் எழுதினார். கையெழுத்துப் பிரதியை வெளியே அனுப்ப அரசு விடவில்லை. 1965இல் உச்ச நீதிமன்றம் அனுப்பச் சொன்னது. டெல்லி திகார் சிறையில் சக கைதியை ஒரு சிறைக் காவலர் சித்திரவதை செய்ததாக, அங்கே கைதியாக இருந்த சுனில் பத்ரா நீதிபதிக்கு எழுதிய கடிதமே மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டு, 1979இல் தீர்ப்பு வந்தது. ஒரு கடிதம் வழியில் நின்றால் என்னென்ன நின்றுபோகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974லேயே, கடிதத்தைத் தடுத்தால் கைதிக்குச் சொல்ல வேண்டும், எழுதியவர் ஆட்சேபிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. நான் கேட்பதும் அவ்வளவுதான். அதே நாட்டில் பென்சில்வேனியா மாநிலம் 2018இல் வேறு திசையில் போனது. காகிதத்தில் போதைப்பொருளைத் தோய்த்து அனுப்புகிறார்கள் என்று சொல்லி, குடும்பக் கடிதங்களை எல்லாம் ஃபுளோரிடாவில் உள்ள ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போகச் செய்தார்கள். அங்கே ஸ்கேன் ஆகும், கைதிக்கு நகல் கிடைக்கும், மூலக் கடிதம் கொஞ்ச நாளில் அழிக்கப்படும். குழந்தை கிரேயானில் வரைந்த படமும் அப்படித்தான். போதைப்பொருள் கவலை நிஜம், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக எல்லா அம்மாக்களின் கையெழுத்தையும் அழிப்பதை என்னால் ஏற்க முடியாது. நவீனமயம் என்ற பெயரில் இது இங்கே வந்தால் எதிர்க்க வேண்டும்.

இப்போது யார் வீட்டிலாவது கடிதம் எழுதிக்கொண்டிருந்தால்: பெயர், அப்பா பெயர், கைதி எண், பிளாக் எல்லாம் முகவரியில் இருக்கட்டும். தண்டனை ஆனாலோ சிறை மாற்றினாலோ எண் மாறும், வக்கீலிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கடிதத்தின் தலைப்பில் தேதியோடு 1, 2, 3 என்று வரிசை எண் போடுங்கள். எது வரவில்லை என்று உள்ளே இருப்பவருக்கே தெரிந்துவிடும். போடுவதற்கு முன் போனில் படம் எடுத்து வையுங்கள். முக்கியமானதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபாலும் அதற்குள்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அப்புறம், உங்கள் எம்.எல்.ஏ.வைப் பார்த்தால் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒவ்வொரு சிறை வாசலிலும் கடித விதிகளைத் தமிழில் எழுதிய பலகை. தடுத்து வைத்த கடிதத்துக்குக் காரணம் எழுதிய ஒரு சீட்டு, உள்ளே இருப்பவருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது.