கலிங்கை மூடியவன் கரையை இழப்பான்

சொந்த நிலத்தில் மண்கரை போட்டுத் தண்ணீர் தேக்குகிறவர்களிடம் பேசினால் கரை எத்தனை அடி உயரம் என்பதில்தான் பேச்சு நிற்கும். மண்ணணை சாகிற இடங்கள் வேறு. ஒன்று, உபரி நீர் வழிந்து வெளியேறும் வழியான கலிங்கு. இன்னொன்று, பாசனத்துக்கு நீர் எடுக்கக் கரைக்குள் ஓடும் மதகுக் குழாய்.

ஹவாயின் கவாய் தீவில் உள்ள கா லோகோ, கரும்புத் தோட்டப் பாசனத்துக்காக 1890-ல் கட்டிய மண்ணணை. பின்னாளில் தனியார் சொத்து. 2006 மார்ச் 14 அன்று, வாரக்கணக்கில் கொட்டிய மழைக்குப் பிறகு உடைந்தது. ஏழு பேர் இறந்தார்கள். விசாரணைக்குப் போனவர்கள் கலிங்கைத் தேடினார்கள், காணவில்லை. உபரி நீர் போக வழியில்லாமல் கரையின் தலைக்கு மேல் ஏறியதே உடைப்புக்குக் காரணமாயிருக்கும் என்று அறிக்கை சொன்னது. 'குறைந்த ஆபத்து' வகையில் போட்டிருந்ததால் அரசு அந்த அணையை ஆய்வு செய்ததே இல்லை. இத்தனைக்கும் ஆபத்து வகை என்பது கரை எவ்வளவு உறுதி என்ற கணக்கே அல்ல. உடைந்தால் கீழே யார் வீடு இருக்கிறது என்ற கணக்கு.

யாரும் கெட்ட எண்ணத்தில் கலிங்கை அடைப்பதில்லை. ஓரடி கூடுதலாக நிற்கட்டும் என்று மணல் மூட்டை அடுக்குவார்கள். மீன் போய்விடும் என்று வலை கட்டுவார்கள். முதல் வெள்ளத்தில் வரும் சருகும் குச்சியும் அதைச் சுவராக்கிவிடும். அந்த ஓரடி உங்களுடைய தண்ணீர் அல்ல, வெள்ளத்துக்கு ஒதுக்கிய இடம். சிறு அணையில்கூட கலிங்கு மட்டத்துக்கு மேல் கரை ஒரு மீட்டராவது நிற்க வேண்டும். கொத்தனாரின் டியூப் லெவல் எடுத்துக் கரையின் தலையை ஒருமுறை பாருங்கள். டிராக்டர் ஓடி ஓடி அமுங்கிய பள்ளம் ஒன்று இருக்கும். நீர் வழிந்தால் மொத்தமும் அங்கேதான் பாயும்.

குழாய் விஷயம் இன்னும் மோசம், கண்ணுக்கே தெரியாது. அமெரிக்காவின் கொலராடோவில் பாசனக் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமான லான் லேக் அணை 1903-ல் கட்டியது, 26 அடி உயரம். குழாயும் வால்வும் சேரும் இடத்தில் அடைத்திருந்த ஈயம் நாளடைவில் கெட்டு, கசிந்த நீர் உள்ளிருந்தே மண்ணை அரித்தது. 1982 ஜூலை 15 காலை கரை போனது. மூன்று பேர் இறந்தார்கள். புதிதாகக் குழாய் பதிப்பவர்கள் வால்வை நீர் இருக்கும் பக்கமே வையுங்கள். வெளிமுனையில் வைத்தால் குழாய் எந்நேரமும் அழுத்தத்தோடு கரைக்குள் கிடக்கும். குழாயின் அடிவயிற்றில் ரோலர் எட்டாது. மெல்லிய அடுக்குகளாக, ஈரம் பார்த்து, கையால்தான் இடிக்க வேண்டும்.

கசியாத மண்கரை கிடையாது. தெளிவாக, அளவு மாறாமல் வந்தால் நோட்டில் எழுதி வைத்தால் போதும்: வாளி நிரம்ப எத்தனை வினாடி, அன்று நீர்மட்டம் என்ன. கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளே கரைகிறது என்று பொருள். உடனே களிமண்ணை அப்பி வெளிப்பக்கம் அடைப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. தண்ணீர் வேறு இடத்தில் பொத்துக்கொண்டு வரும். பருமணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல் போடுங்கள். நீர் போகட்டும், மண் நிற்கட்டும். நீர்மட்டத்தை நாளைக்கு ஓரடி என்ற கணக்கில் இறக்குங்கள். அவசரப்பட்டு இறக்கினால் ஊறிய உள்சரிவு சரிந்து விழும். கசியும் நீர் நிமிடத்துக்கு நிமிடம் அதிகமாகக் கலங்குகிறதென்றால் இந்த வேலை எதுவும் வேண்டாம், கீழே இருப்பவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. இந்தியாவின் 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்டவற்றையும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றையும்தான் கணக்கில் எடுக்கிறது. லான் லேக் எட்டு மீட்டர். அன்று ஆபத்தை முதலில் தெரிவித்தவர், இரைச்சல் கேட்டு அவசரத் தொலைபேசிக்கு ஓடிய குப்பை வண்டிக்காரர்.