பென்ட்லி வாங்கப்போகும் அண்ணனுக்கு: சாதா வி8 போதும்

பினாங்கில் இருக்கும் எங்கள் பங்காளி வீட்டு அண்ணன் ஒருவர் இந்த வருடத்தோடு தொழிலைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஊரோடு வந்துவிட முடிவெடுத்திருக்கிறார். கோட்டையூர் வீட்டுக்கு ஓடு மாற்றியாயிற்று, வளவில் பெயர்ந்திருந்த ஆத்தங்குடிக் கல்லையும் சரி செய்தாயிற்று. இன்னும் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி என்று போனில் சொன்னார். செகண்ட் ஹேண்டில் ஒரு பென்ட்லி கான்டினென்டல் ஜிடி கார்.

பெங்களூரில் இரண்டு வண்டி பேசி வைத்திருக்கிறார். இரண்டும் 2014 மாடல். ஒன்று சாதா வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்), மற்றது அதையே இன்னும் முறுக்கேற்றிய வி8 எஸ். எஸ்ஸுக்கு 16 லட்சம் கூடக் கேட்கிறார்கள். "நீ மூணு வருஷமா வச்சிருக்கியே தம்பி, எதை எடுக்கட்டும்?" என்றார். அரை மணி நேரம் பேசியும் எனக்குச் சொல்லி முடியவில்லை. இதே யோசனையில் வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பதில் சாதா வி8தான். நான் வைத்திருப்பதும் அதுதான்.

காகிதத்தில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று முதலில் பார்த்துவிடலாம். எஞ்சின் ஒன்றேதான்: ஆடி (Audi) நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய 4 லிட்டர், இரட்டை டர்போ. கியர்பாக்ஸும் அதே 8 கியர் ஆட்டோமேட்டிக். 2012ல் வந்த வி8க்கு 507 பிஎஸ் (குதிரை) சக்தி, 660 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவிசை. அடுத்து வந்த எஸ்ஸில் அது 528, 680 ஆனது. உச்ச வேகம் ஒன்றில் மணிக்கு 303 கிலோமீட்டர், இன்னொன்றில் 309. திருச்சி நான்குவழிச் சாலையிலேயே வேகப் பலகை 100ஐத் தாண்டாது. அந்த ஆறு கிலோமீட்டரை நாம் எந்த ஊரில் போய்ச் செலவழிப்பது?

கூடுதல் பணம் எஞ்சினுக்கு மட்டும் அல்ல. எஸ் 10 மில்லிமீட்டர் தாழ்வாக உட்காரும், சஸ்பென்ஷன் விறைப்பாக இருக்கும், ஸ்டியரிங் இன்னும் கூர்மையாகப் பேசும், பிரேக் காலிப்பர் சிவப்பில் வரும். எஸ்ஸின் உயிர் இந்த விறைப்பில்தான் இருக்கிறது. எனக்கு மறுப்பு இருப்பதும் அதில்தான்.

மதுரையில் தெரிந்தவர் ஒருவரிடம் வி8 எஸ் இருக்கிறது. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னிடம் கொடுத்து வைத்திருந்தார், பெரிய மனசு. ஆத்தாவை முன் சீட்டிலும் என் மகளைப் பின்னாலும் உட்காரவைத்துக்கொண்டு மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாக ஊருக்குக் கிளம்பினேன். மேலூர் வரை எனக்குப் பேச்சே வரவில்லை. காலை வெளிச்சம், காலியான ரோடு, காலை அழுத்தினால் வயிற்றுக்குள் இறங்கும் அந்த உறுமல். அந்த வண்டியில் ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் வேறு போட்டிருந்தது. வளைவில் திருப்பினால், 2300 கிலோ எடை அது என்பதே மறந்துபோகிறது. இதை மறைக்கமாட்டேன். அந்த அரை மணி நேரத்தில் என் வண்டியை விற்றுவிட்டு இதையே வாங்கிவிடலாமா என்றுகூட மனசு போனது.

திருப்பத்தூர் தாண்டிப் பிள்ளையார்பட்டிக்குத் திரும்பிய பிறகுதான் விஷயம் தெரிய ஆரம்பித்தது. ரோட்டில் ஒட்டுப் போட்ட இடமெல்லாம் சீட்டுக்கு வந்து சேர்ந்தது. திரையில் சஸ்பென்ஷனை 'கம்ஃபர்ட்' கடைசிக்கே தள்ளிப் பார்த்தேன், கொஞ்சம் தணிந்தது, போகவில்லை. அந்த வண்டியில் இருந்தது 21 இன்ச் வீல். 275/35 டயர் என்றால் அகலம் 275 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 35 சதவீதம். ரோட்டுக்கும் அலாய் வீலுக்கும் நடுவே ரப்பர் 96 மில்லிமீட்டர்தான். என் வண்டியில் 20 இன்ச், 275/40, அதாவது 110 மில்லிமீட்டர். ஒன்றரை சென்டிமீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ ஷோரூம் வாசலில் ஒரு சுற்றுப் போய் வந்தால் தெரியாத அந்த வித்தியாசம், கிராமத்து ரோட்டில் பத்து கிலோமீட்டர் போனால் இடுப்புக்குத் தெரியும்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை. முறைப்படி வேகத்தடை என்றால் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். மெதுவாகப் போகிற கார் அதில் ஏறி இறங்குவது உள்ளே இருப்பவருக்கே தெரியாது. நம் கிராமங்களில் பிள்ளைகளைக் காப்பாற்ற ஊர்க்காரர்களே போட்டுக்கொண்டவை குறுகலாக, செங்குத்தாக இருக்கும். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, பிள்ளைகள்தான் முக்கியம். ஏர் சஸ்பென்ஷனைத் தூக்கிவிடும் பட்டன் இரண்டு வண்டியிலும் உண்டு. ஆனால் அன்று நான் அழுத்தி, அது தூக்கி முடிப்பதற்குள் முன் சக்கரம் ஏறிவிட்டது. இறங்கும்போது பம்பருக்கு அடியில் ஒரு உரசல் சத்தம். அடுத்தவர் வண்டி. ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு "பைய போப்பா, நமக்கென்ன அவசரம்" என்றார்கள்.

நான் சொல்ல வந்தது அந்தப் பம்பரைப் பற்றி அல்ல. ஆத்தா அன்று காரைக்குடி வந்து சேரும் வரை கதவுக் கைப்பிடியை விடவில்லை. இதே ஆத்தா என் சாதா வி8ல் சென்னைக்குப் போகும்போது திருச்சி தாண்டினதும் தூங்கிவிடுவார்கள். பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை எதுவும் தெரியாது. விழுப்புரத்தில் காபிக்கு நிறுத்தினால்தான் கண்ணைத் திறப்பார்கள். 77 வயது, இரண்டு முட்டியிலும் வலி. அவர்கள் தூங்குகிறார்களா என்பதைத்தான் நான் வண்டிக்கு வைக்கும் பரீட்சையாக இப்போது வைத்திருக்கிறேன்.

ஜிடி, அதாவது கிராண்ட் டூரர் என்ற சொல்லுக்கே அர்த்தம் அதுதானே. 1952ல் பென்ட்லி முதல் கான்டினென்டலைச் செய்தபோது நோக்கம், நாலு பேரும் அவர்கள் பெட்டிகளும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேகமாகவும் களைப்பில்லாமலும் போய்ச் சேர வேண்டும் என்பது. நம் பக்கத்துக்கு அது புதிய எண்ணமும் இல்லை. எங்கள் ஐயா ஒரு ஆஸ்டின் கார் வைத்திருந்தார். மெட்ராஸ் போவதென்றால் கோழி கூப்பிடும் நேரத்தில் கிளம்பி, அடுக்குப் பாத்திரத்தில் இட்லி, கூஜாவில் தண்ணீர், அப்பத்தாவுக்கு இரண்டு தலையணை என்று ஒரு குடித்தனமே ஏறும். வழியில் திருமயத்தில் கோட்டைக்கு எதிரே நிறுத்திச் சாப்பிடுவார்களாம். அந்த ஆஸ்டின் நின்ற கொட்டகையில்தான் இப்போது என் வண்டி நிற்கிறது. ஐயாவுக்கு இந்த வண்டியைக் காட்டினால் எத்தனை குதிரை என்று கேட்கமாட்டார். அப்பத்தா எங்கே உட்காருவாள் என்றுதான் கேட்பார்.

அந்த வேலைக்கு 507 குதிரையே தாராளம். 660 நியூட்டன் மீட்டரும் 1700 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. லாரியை முந்துவதற்கு எஞ்சினை விரட்ட வேண்டியதில்லை, காலை லேசாக வைத்தாலே போதும். சீராகப் போகும்போது எட்டில் நாலு சிலிண்டர் தானாக ஓய்வெடுத்துக்கொள்ளும், அது எப்போது நடக்கிறது என்பதே உள்ளே தெரியாது. எனக்கு ஹைவேயில் லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் கிடைக்கிறது. 90 லிட்டர் டேங்க். காரைக்குடியில் நிரப்பினால் சென்னை போய்த் திரும்பி வரும் வழியில் திருச்சியில்தான் அடுத்த பங்க்.

உள்ளே மரம், தோல், ஏசியைத் திறக்கவும் மூடவும் இழுக்கிற அந்த உலோகக் குமிழ்கள் எல்லாம் இரண்டிலும் ஒரே தரம். பர்மா தேக்குத் தூணைத் தொட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த மர வேலையின் அருமை தெரியும். அதற்கு எஸ் தேவையில்லை.

இதே கான்டினென்டலில் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் வைத்த டபிள்யூ12 ஸ்பீட் எப்படி என்றும் அண்ணன் கேட்டார். 2012ல் வந்த ஸ்பீட் 625 பிஎஸ், 330 கிலோமீட்டர் வேகம். அபாரமான வண்டி. ஆனால் இரண்டு குறுகலான ஆறு சிலிண்டர் எஞ்சின்களைச் சேர்த்து ஒன்றாக்கிய மாதிரியான அந்த எஞ்சின், பானட்டுக்குள் விரல் நுழைய இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருக்கும். சில வேலைகளுக்கு எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். பக்கத்தில் பெரிய சர்வீஸ் வசதி இல்லாத நம் ஊர்ப் பக்கம் அது வேண்டாம்.

இந்தச் சாதாவா எஸ்ஸா கேள்வி பென்ட்லிக்கு மட்டும் உரியதல்ல. மசராட்டி கிரான்டூரிஸ்மோவில் இது இன்னும் கூர்மையாக நிற்கும். 2007ல் வந்த முதல் மாடல் 4.2 லிட்டர், 405 பிஎஸ், மிருதுவான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். மறு வருடம் வந்த எஸ்ஸில் 4.7 லிட்டர், 440 பிஎஸ், கூடவே கிளட்சைத் தானே போட்டு எடுக்கிற வேறு ரக கியர்பாக்ஸ். திறந்த ரோட்டில் அது தேவாமிர்தம். காரைக்குடி செக்காலை ரோட்டில் சாயங்காலம் ஊர்ந்து போவதற்கும், உயர்ந்த தளத்து வீட்டுச் சரிவில் ரிவர்ஸில் ஏற்றுவதற்கும் அது ஏற்றதல்ல, கிளட்ச் தேயும். அதைப் புரிந்துகொண்டுதானோ என்னவோ, 2009ல் அந்த நிறுவனமே பெரிய எஞ்சினோடு ஆட்டோமேட்டிக் போட்டு இன்னொரு எஸ் கொண்டுவந்தது. மசராட்டி தேடுகிறவர் யாராவது இருந்தால் அந்த ஆட்டோமேட்டிக்கைப் பாருங்கள்.

அப்புறம், எஸ் யாருக்குப் பொருந்தும் என்றும் சொல்ல வேண்டும். தனியாக ஓட்டுகிறவர், வீட்டில் வேறு வண்டி இருக்கிறவர், ஞாயிறு விடியலில் ஹைவேக்குப் போய் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருவதே சந்தோஷம் என்கிறவர் எஸ்ஸையே எடுக்கட்டும். மேலூர் வரை நான் அனுபவித்தது பொய் இல்லை. அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அண்ணமிண்டிக்கு (அண்ணன் மனைவிக்கு) முதுகு வலி, மாதம் ஒரு தடவை மதுரையில் டாக்டரைப் பார்க்க வேண்டும், பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள்.

விற்கிறவர் சொன்னதாக அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார்: "எஸ் எடுத்தால் ரீசேல் நிற்கும்." பன்னிரண்டு வருடத்துக்கு மேலான வண்டியில் எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. திரும்ப விற்கும்போது வாங்க வருகிறவர் கேட்கப்போவது சர்வீஸ் ஹிஸ்டரி. ஒழுங்காகப் பராமரித்த சாதாவுக்கு முன்னால், பில் இல்லாத எஸ் நிற்காது.

நம் பக்கத்து வண்டிகளுக்கென்றே ஒரு வியாதி உண்டு, அது சும்மா நிற்கிற வியாதி. வீடு பூட்டிக்கிடக்கிற மாதிரி வண்டியும் மாதக்கணக்கில் பூட்டிக்கிடக்கும். கான்டினென்டலில் டிக்கியில் இரண்டு பேட்டரி உண்டு, ஓட்டாமல் விட்டால் இரண்டும் இறங்கும். முதல் வருடம் நான் இரண்டு மாதம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தபோது, எலி வயரைக் கடித்து வைத்திருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே மெக்கானிக்குக்கு மூன்று நாள் ஆனது. இப்போது கொட்டகையில் பேட்டரி சார்ஜர் எப்போதும் மாட்டியிருக்கிறது, வாரம் ஒரு தடவை டிரைவர் அறந்தாங்கி வரை ஓட்டிவிட்டு வருகிறார். அதனால் கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டி என்று பெருமையாகச் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள், அது எங்கே, எப்படி நின்றது என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ன் 23வது வாரத்தில் செய்தது. ரோட்டைப் பிடிக்கிற பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், வயசான அந்த டயரை மாற்றத்தான் வேண்டும்.

இந்த எஞ்சின் வகையில் டர்போவுக்கு ஆயில் போகிற வழியில் ஒரு சின்ன சல்லடை உண்டு. அது அடைத்தால் டர்போ பட்டினி கிடந்து சாகும், ஆடி வண்டிகளிலும் இதே கதைதான். அதைப் பார்த்தார்களா, மாற்றினார்களா என்று பில்லோடு கேளுங்கள். பேப்பர் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை: கர்நாடகத்தில் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), இங்கே வரி, பிறகு பெயர் மாற்றம். 2014 வண்டிக்கு 2029ல் ஆர்சி புதுப்பிக்க வேண்டும், அதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

அந்த 16 லட்சத்தைத் தனியாக ஒரு கணக்கில் போட்டுவிடுங்கள் அண்ணே. டயர், ஏர் ஸ்பிரிங், பிரேக் டிஸ்க் என்று என்ன வந்தாலும் அதிலிருந்து எடுக்கலாம். செலவு வருகிறதே என்று பயந்து பயந்து ஓட்ட வேண்டியதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை நானும் கூட வருகிறேன். இரண்டு வண்டியையும் முந்தின நாள் சாயங்காலமே சமதரையில் நிறுத்தி, மறுநாள் காலை நாம் வரும் வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஏர் ஸ்பிரிங்கில் கசிவு இருந்தால் ராத்திரியோடு ஒரு மூலை இறங்கிவிடும். முதலில் நாலு சக்கரத்துக்கும் மேலே இருக்கிற இடைவெளியைக் கையால் அளந்துவிடுவோம். அதற்குப் பிறகு விலை பேசலாம். அண்ணமிண்டியையும் கூட்டி வாருங்கள், முன் சீட்டில் அவர்கள் உட்கார வேண்டும்.