ரகசிய ஒலிப்பதிவைத் தொடங்கியது நிக்சன் இல்லை

“வெள்ளை மாளிகையில் ரகசியமாகப் பேச்சைப் பதிவு செய்த முதல் அதிபர் நிக்சன்தான்” என்று உங்கள் இடுகையில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. 1940-லேயே ரூஸ்வெல்ட் தன் அறையில் மைக் மறைத்து வைத்திருந்தார். கென்னடி 1962-ல் ஆட்களை வைத்துக் கருவியே பொருத்தினார். அந்த அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி பற்றி நடந்த ஆலோசனைகளை இன்று நாம் கேட்க முடிவது அதனால்தான்.

அடுத்து வந்த அதிபர் ஜான்சன் தொலைபேசிப் பேச்சுகளையும் விடவில்லை. 1964-ல் ஒரு துணி நிறுவனத்தை அழைத்து, பேன்ட் பாக்கெட்டை ஓர் அங்குலம் நீளமாக வையுங்கள், காசும் கத்தியும் கீழே விழுகின்றன என்கிறார். அதுவும் நாடாவில் இருக்கிறது. ஒரு அதிபரை இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

அப்புறம், நிக்சனிடம் என்ன வித்தியாசம்? கென்னடி சுவிட்சைப் போட்டால்தான் பதிவாகும். 1971 பிப்ரவரியில் நிக்சன் அறையில் பொருத்திய கருவியோ, பேச்சுச் சத்தம் கேட்டதும் தானாக ஓடும். 1973 ஜூலையில் நிக்சனின் முன்னாள் உதவியாளர் பட்டர்ஃபீல்டு, வாட்டர்கேட் ஊழலை விசாரித்த செனட் குழு முன் இதைச் சொன்ன பிறகே அது நின்றது. அதற்குள் சேர்ந்தது சுமார் 3,700 மணி நேரம். தயவுசெய்து உங்கள் இடுகையைத் திருத்திவிடுங்கள், பலர் இதைப் பகிர்கிறார்கள்.