மொட்டை மாடியும் கழிவுநீரும்

தார் பாலைவனத்தின் பழைய ஹவேலி (முற்றத்தைச் சுற்றிக் கட்டிய பெரிய வீடு) முறையில் இன்றைய குடும்பத்துக்கு வீடு கட்டலாம் என்கிற கட்டுரையை ரசித்துப் படித்தேன். முற்றம், கல் ஜாலி (துளைகள் செதுக்கிய கல் தடுப்பு), தடித்த மணற்கல் சுவர் எல்லாம் சரி. ஆனால் படத்தில் மொட்டை மாடிக்குப் போக ஓர் இரும்பு ஏணிதான் இருக்கிறது. இது பெரிய குறை. தடித்த கல் சுவர் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில்தான் அறைக்குள் விடும். அதனால்தான் அந்தப் பக்கம் கோடையில் மாடியில் படுப்பார்கள். வறண்ட காற்று, தெளிந்த வானம், இருட்டியதும் மாடி சீக்கிரம் குளிர்ந்துவிடும். பாட்டியும் குழந்தைகளும் ஏறுகிற மாதிரி நல்ல படிக்கட்டு கட்டாயம் வேண்டும்.

அப்புறம் தண்ணீர். மழைநீரைச் சேர்க்கும் நிலத்தடித் தொட்டியான டாங்காவைச் சேர்த்ததில் மகிழ்ச்சி. கழிவுநீரைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அதே பாலைவனத்தில் ஒரு குன்றின்மேல் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜெய்சல்மேர் கோட்டைக்குள் இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள். குடத்தில் சுமந்து சிக்கனமாகப் புழங்கிய காலத்தில் சிக்கல் இல்லை. குழாய் வந்து புழக்கம் கூடியதும், வடிகாலில் கசிந்த நீர் குன்றின் களிமண்ணை இளக்கி, கட்டடங்கள் சில இடிந்தே விழுந்தன. பழைய சுவரை எடுத்துக்கொண்டு புதிய குளியலறையை ஒட்டும்போது, குளித்த நீரும் துவைத்த நீரும் எங்கே போகும் என்பதைத்தான் முதலில் வரைய வேண்டும். அடுத்த பகுதியில் அந்த வரைபடத்தையும் தயவுசெய்து போடுங்கள்.