பிளஸ் ஒன் பாடங்களைத் தள்ளிவிடலாம் என்பது தவறு

"பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்தாகிவிட்டது; இனி அந்தப் பாடங்களைப் படிக்காமல் நேரடியாகப் பிளஸ் டூ பாடங்களைத் தொடங்குவதே கல்லூரிச் சேர்க்கைக்கு நல்லது" என்ற செய்தி கடலூர் வட்டாரப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படுகிறது.

இதில் முதல் பாதி மட்டுமே உண்மை. 2025-26 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டில் அந்தப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. பொறியியல் கட்-ஆஃப் மதிப்பெண்ணும் பிளஸ் டூ கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குத்தான் கணக்கிடப்படுகிறது.

ஆனால் அந்தக் கணித மதிப்பெண்ணை எடுப்பதற்கே முந்தைய ஆண்டின் பாடம் வேண்டும். பிளஸ் டூ புத்தகத்தில் இருப்பவை அணிகளின் பயன்பாடுகள், வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகையிடலின் பயன்பாடுகள் போன்ற பாடங்கள். வகையிடுதலையும் தொகையிடுதலையும் அடிப்படையிலிருந்து கற்றுத்தருவது பிளஸ் ஒன் புத்தகம்தான் என்பதால், அதைத் தாண்டி வந்த மாணவர் ஜூன் மாதத்திலேயே திணறத் தொடங்குவார், அப்போது திரும்பிப் படிக்க நேரமும் இருக்காது. இதுவே எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

720 மதிப்பெண்களுக்கான நீட் தேர்விலும், ஜேஇஇ தேர்விலும் இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வினாக்கள் வருகின்றன. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் பின்பற்றும் சிபிஎஸ்இ முறையில் பதினொன்றாம் வகுப்புக்கு வாரியத் தேர்வு இல்லை; அங்கும் அந்த ஆண்டுப் பாடம் முழுமையாக நடத்தப்பட வேண்டியதே.

ஆகவே, பிளஸ் ஒன் வகுப்பில் பிளஸ் டூ பாடம் மட்டும் நடத்தப்பட்டால், பெற்றோர் தலைமையாசிரியரிடம் நேரில் கேட்கலாம்.