யாருடைய கணக்கு என்று கேட்டது குற்றமா?

நிலச்சரிவில் சிக்கிய கேரளத்தின் வயநாட்டுக்கு என்று ஒரு குழந்தையின் படத்தையும் ஒரு ஜிபே எண்ணையும் போட்டுப் பணம் கேட்டுச் சுற்றிய அந்தப் பதிவையும், அதன் கீழ் நான் போட்ட கமெண்டையும் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். நான் கேட்டது ஒன்றுதான்: "இந்த ஜிபே எண் யாருடையது?" கல்நெஞ்சக்காரன், வயிற்றெரிச்சல், நீ பத்து ரூபாய் கொடுத்தியா என்று வரிசையாக வந்து திட்டினார்கள். முகம் தெரியாதவர்கள் திட்டியது பரவாயில்லை. கல்லூரியிலிருந்து பழகிய ஒருவர், "இந்த நேரத்துல இது தேவையா?" என்று எழுதிவிட்டு என்னை நட்பிலிருந்து நீக்கிவிட்டார்.

தேவைதான். இந்த நேரத்தில்தான் தேவை.

பதிவில் ஓர் அறக்கட்டளையின் பெயர் இருக்கிறது. அந்த எண்ணை ஜிபேயில் போட்டால் வங்கிக் கணக்குப் பெயராக வருவது ஒரு தனிநபர். பதிவு எண் இல்லை, முகவரி இல்லை, ரசீது பற்றிப் பேச்சே இல்லை. இதைப் பார்த்த பிறகும் கேட்காமல் இருக்க வேண்டுமா?

2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. சாலியாற்றில் உடல்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்குள்ளேயே, முதலமைச்சர் நிவாரண நிதிக்கு வைத்திருந்த க்யூஆர் கோடை யாராவது தவறாகப் பயன்படுத்திவிடலாம் என்று கேரள அரசே விலக்கிக்கொண்டது. அரசாங்கம் பயந்தால் முன்னெச்சரிக்கை, நான் கேட்டால் கல்நெஞ்சமா? 2020இல் பிஎம் கேர்ஸ் நிதி தொடங்கியவுடனேயே, யுபிஐ முகவரியில் 'pmcares' என்பதன் கடைசி 'எஸ்' எழுத்தை மட்டும் விட்டுவிட்டு ஒரு போலியைக் கிளப்பினார்கள். ஒரே ஓர் எழுத்து. அவசரத்தில் யார் கவனிப்பார்?

அப்புறம் அந்தக் குழந்தையின் படம். அது வயநாட்டில் எடுத்ததுதானா? 2015 நேபாள நிலநடுக்கத்தின்போது, தங்கையை அணைத்துக்கொண்டிருக்கும் சிறுவனின் படம் உலகம் முழுக்கப் பரவியது. அதைக் காட்டி நன்கொடையும் கேட்டார்கள். அது 2007இல் வியட்நாமில் எடுத்த படம் என்று எடுத்தவரே சொல்ல வேண்டியிருந்தது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று கேட்டவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பேராவூரணிப் பக்கம் இருந்த என் பெரியம்மாவின் வீட்டு மேல் தென்னை விழுந்தது. ஓடு பூராவும் போச்சு. சமையற்கட்டில் சேறு, அதற்குள் கவிழ்ந்து கிடந்த அரிசிப் பானை. தோளில் ஈரத் துண்டோடு பெரியம்மா அதன் முன்னால் நின்றதை யாரோ போனில் எடுத்துக்கொண்டு போனார்கள். கரண்ட் வந்து போன்கள் உயிர் பெற்ற பிறகுதான், அந்தப் படம் ஒரு கணக்கு எண்ணோடு வாட்ஸ்அப்பில் சுற்றுவதே எங்களுக்குத் தெரிந்தது. திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணனுக்கே யாரோ அனுப்பி, "பாவம், உதவுங்க" என்றார்களாம். பெரியம்மா கைக்கு ஒரு பைசா வரவில்லை. அதைவிடக் கொடுமை, ஊரில் நிவாரணத் தார்ப்பாய் கொடுத்தபோது, "உனக்குத்தான் லட்சக்கணக்குல வந்திருக்குமே" என்று பக்கத்து வீட்டுக்காரர்களே முகத்துக்கு நேராகச் சொன்னது. "என் மூஞ்சியக் காட்டி வாங்குன காசு யாருகிட்டடா தம்பி இருக்கு?" என்று பெரியம்மா என்னிடம் கேட்டார். நான் என்ன பதில் சொல்வது? ஆகவே, கொடுத்தவன் மட்டும்தான் ஏமாந்தான் என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

"அப்போ யாருக்கும் கொடுக்காதேங்கறியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கே அப்படிச் சொன்னேன்? கொடுங்கள். முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுங்கள், அதன் இணையதளத்துக்கு நீங்களே போய்க் கொடுங்கள். யாரோ அனுப்பிய லிங்க்கைத் தொடாதீர்கள். அரசாங்கம் என்றால் ஊழல் என்கிறீர்களா? சரி, அங்கே தணிக்கை இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கலாம். இந்த ஜிபே எண்ணிடம் யார் போய்க் கேட்பது? உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த ஆள் வயநாட்டின் மேப்பாடியில் நின்று வேலை செய்கிறார் என்றால் தாராளமாக அனுப்புங்கள், அதில் எனக்கு ஒன்றுமில்லை.

"விசாரிச்சுட்டு உட்கார்ந்தா அதுக்குள்ள செத்துருவாங்க" என்பவர்களுக்கு: விசாரிக்க ஐந்து நிமிஷம் போதும். கேள்வி கேட்டவனைத் திட்ட நீங்கள் செலவழித்த நேரம் அதைவிட அதிகம். உண்மையாகவே வசூலிப்பவர் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், ரசீதை எடுத்துப் போடுவார். இத்தனை பேர் என்னைத் திட்டியதில், சம்பந்தப்பட்ட அந்த ஒருவர் மட்டும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

கமெண்டை நீக்கச் சொல்லி இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு, நீக்க மாட்டேன். அந்த எண்ணுக்கு ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டு இப்போது சந்தேகப்படுகிறவர்கள் கூச்சப்பட வேண்டாம். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை மடக்குவது கஷ்டம். பரிவர்த்தனை எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காதீர்கள். புகார் எழுதத் தெரியவில்லை என்றால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், என்னைத் திட்டியவர்களாக இருந்தாலும் கூட இருந்து எழுதித் தருகிறேன்.