பட்டாளத்தார் ஊற்றிய கல்

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல்லைக் கையால் ஊற்றும் பட்டறைகள் பற்றி ஒரு கட்டுரை படித்ததும் எங்கள் பட்டாளத்தார் கண்முன் வந்து நின்றார். 1971 பாகிஸ்தான் போரில் இருந்தவர். ஊர் திரும்பிக் கடைசிவரை கல் ஊற்றினார். போன மாசியில் போய்ச் சேர்ந்தார். போரைப் பற்றிக் கேட்டால், "குளிருதான் அப்பு கொடுமை" என்பார், அவ்வளவுதான்.

கண்ணாடி மேல் அச்சு வைத்து வர்ணம் ஊற்றுவதை அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கைதான் வித்தை. கரண்டியைச் சாய்த்து அச்சுப் பூவின் இந்த இதழில் சிவப்பு, அடுத்ததில் பச்சை, ஒன்றோடொன்று கலக்காமல் விடுவார். அச்சைத் தூக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அப்புறம்தான் அதன்மேல் உலர்ந்த சிமெண்ட் மணல், ஈரக் கலவை, ஊறப்போடத் தண்ணீர்த் தொட்டி எல்லாம். பத்தாவதில் தோற்று நின்ற எனக்குக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர். நான் உடைத்த கற்களுக்குக் கணக்கே இல்லை. ஒருநாளும் திட்டியதில்லை. "சரி, இன்னொன்னு ஊத்து" என்பார்.

விடியற்காலையில் பையன்களைக் கண்மாய்க் கரையில் ஓடவிடுவார், ராணுவ ஆள்சேர்ப்புக்காக. பத்துக் காசு வாங்கியதில்லை.

எங்கள் வீட்டு முகப்பில் கிடப்பது அவர் ஊற்றிய கல். நேற்றுகூட அம்மா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தார். முகம் தெரிகிறது.